ஜாஸ் ரசிகருக்கு இசைத்தட்டா, அரங்கமா?

கையிருப்பு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் எதைத் தேர்வது? நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டை வைத்தே பார்க்கலாம். 1935 முதல் அதே நிலவறையில் இயங்கும் அந்த அரங்கில் 123 பேருக்குத்தான் இடம்.

செலவு
தட்டு: மறுபதிப்பு கட்டுப்படியாகும். 1950களின் முதல் பதிப்புகளைத் தேடினால் பணம் கரைந்துவிடும்.
அரங்கம்: டிக்கெட், பானம், வெளியூர்க்காரருக்குப் பயணமும் தங்குமிடமும்.

வசதி
தட்டு: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து புரட்ட வேண்டும்.
அரங்கம்: அவர்கள் வாசிக்கும் நேரமே நம் நேரம்.

ஆயுள்
தட்டு: நிமிர்த்தி அடுக்கி, தூசி துடைத்து, தேய்ந்த ஊசியை மாற்றினால் பல பத்தாண்டுகள்.
அரங்கம்: ஒரே இரவு.

ஆயுள் என்றதும் எனக்கு 1961 ஜூன் 25 நினைவுக்கு வருகிறது. அன்று பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு வான்கார்டில் வாசித்ததைப் பதிவு செய்தார்கள். பதினோரு நாளில் அக்குழுவில் பாஸ் என்ற பெரிய தந்திக் கருவியை வாசித்த ஸ்காட் லஃபாரோ கார் விபத்தில் இறந்தார், வயது 25. அந்த விரல்களை இனி எந்த டிக்கெட்டும் கேட்கத் தராது. தட்டில் இருக்கின்றன, மேசைகளின் கண்ணாடிக் கோப்பை ஒலியோடு.

மறைந்த மேதைகளை ஊன்றிக் கேட்க விரும்புபவர் தட்டு வாங்கட்டும். இன்று வாசிப்பவர்களைப் பின்தொடர்பவருக்கு அரங்கம்தான். புதிதாக வருபவரையும் அங்கேதான் அனுப்புவேன், முடிந்தால் திங்கட்கிழமை: டிரம்பெட் கலைஞர் தாட் ஜோன்ஸும் டிரம்ஸ் கலைஞர் மெல் லூயிஸும் 1966-இல் தொடங்கிய பெருங்குழுவின் வழித்தோன்றல் அன்றுதான் வான்கார்டில் வாசிக்கிறது. முன்வரிசையில் அமருங்கள், பித்தளைக் கருவிகள் நெஞ்சில் அதிரும்.