செரிமான மண்டல மாதிரி: எங்கே சரி, எங்கே கோட்டை விட்டார்கள்

பலகையில் பொருத்தி வரும் இந்தப் பிளாஸ்டிக் மாதிரி உண்மை அளவிலேயே இருக்கிறது. இரைப்பையின் முன்சுவரும் குறுக்குப் பெருங்குடலும் கழன்று வரும்.

இதை வாங்கலாம் என்று சொல்ல வைப்பது சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடல்தான். கணையத்தின் தலையைச் சுற்றி லாடம்போல் வளையும் சுமார் 25 செ.மீ. குழாய். அதன் இறங்கு பகுதியைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். உள்சுவரில் கடுகளவு மேடு ஒன்று தெரிகிறது பாருங்கள், பித்த நாளமும் கணைய நாளமும் சேர்ந்து திறக்கும் வாய் அது. இந்த இடம் தெளிவாக இல்லாவிட்டால், பித்தநீர் இரைப்பைக்குள் விழுகிறது என்றே பிள்ளைகள் எழுதி வைப்பார்கள். பித்தக்கல் அந்த வாயில் சிக்கினால் மஞ்சள் காமாலையும் கணைய அழற்சியும் ஏன் சேர்ந்து வரக்கூடும் என்பதையும் விரல் வைத்தே விளக்கிவிடலாம்.

இரைப்பையின் உள்மடிப்புகள் அருமை. ஆனால் கீழ்வாயில் சுவர் தடிக்கவே இல்லை. அங்கே தடித்த சுருக்குத்தசை வளையம் இருக்க வேண்டும். அமிலத்தில் கரைந்த கூழை அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே விடும். கணைய நீரிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்க அவகாசம் வேண்டுமே. வளையம் இல்லாத இரைப்பை வெறும் புனல்போல் நிற்கிறது. இது பெரிய குறை.

சிறுகுடல் சுருள்களை ஒரே கட்டியாக வார்த்துவிட்டார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை விரலால் தொடர்ந்து போக முடியாது. கூடவே 6 மீட்டர் கயிறு ஒன்றும், அதைவிட இருமடங்கு தடிமனில் 1.5 மீட்டர் கயிறு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். சிறுகுடலும் பெருங்குடலும் பெயர் பெற்றது நீளத்தால் அல்ல, அகலத்தால் என்பது உடனே புரியும். 6 மீட்டர் என்பது இறந்த உடலில் எடுத்த அளவு. உயிருள்ள உடலில் தசை இறுக்கத்தால் நீளம் குறையும். சுவரில் தெளித்திருக்கும் புள்ளிகளைக் குடலுறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் விரல்போன்ற நுண்நீட்சிகள்) என்று காட்டிவிடாதீர்கள். அவை 1 மி.மீ. உயரத்தைத் தாண்டுவதில்லை, அதற்குப் பெரிதாக்கிய தனி மாதிரிதான் சரி.

பெருங்குடலில் மூன்று தசைப்பட்டைகளும் அவற்றால் உண்டாகும் பைப்பைப் புடைப்புகளும் தெளிவு. சிறுகுடல் வந்து சேரும் வாயும், அதற்குக் கீழே குடல்வாலின் துளையும் தனித்தனியாகத் தெரிகின்றன.

குறுக்குப் பெருங்குடலை நேராக இழுத்துத்தான் கழற்ற வேண்டும். திருகினால் முளை முறிந்துவிடும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் சாயம் கையோடு வரும், ஈரத்துணி போதும்.