அந்தமானா, லட்சத்தீவா, மாலத்தீவா: ஸ்நார்கெலிங் செய்ய எங்கே போகலாம்?

தீவுப் பயணம் என்றதும் பலரும் அறையின் படத்தையும் விமானக் கட்டணத்தையும் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். ஸ்நார்கெலிங்தான் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, நீரின் மேல் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) நோக்கம் என்றால் முதலில் வேறொரு கணக்குப் போட வேண்டும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உங்கள் முகம் தண்ணீருக்குள் இருக்கும்? ஏழு நாள் பயணத்தில் படகுத்துறையில் காத்திருப்பது, வரிசையில் நிற்பது, பெட்டி கட்டுவது எல்லாம் போக, மொத்தமே நாற்பது நிமிடம் மீன் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். இந்த மூன்று தீவுக்கூட்டங்களையும் அந்தக் கணக்கை வைத்தே இங்கே ஒப்பிடுகிறோம்.

கடலின் அமைப்பே வேறு

அந்தமான், கடலில் மூழ்கிய ஒரு மலைத்தொடரின் முகடுகள். காடு உண்டு, ஓடை உண்டு, அலையாத்திச் சதுப்பு உண்டு. மழை பெய்தால் மண் கரைந்து வந்து கரையோரத் தண்ணீர் கலங்கும். லட்சத்தீவும் மாலத்தீவும் பவளத்தாலேயே ஆனவை. மலையும் இல்லை, ஆறும் இல்லை. கலக்குவதற்கு மண்ணும் இல்லை. தண்ணீரின் தெளிவில் இந்த இரண்டும் அந்தமானை முந்துவதற்கு இதுவே முதல் காரணம்.

லட்சத்தீவுக்கும் மாலத்தீவுக்கும் இடையிலும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. லட்சத்தீவில் பெரும்பாலும் தீவு கிழக்கு விளிம்பில் இருக்கும்; மேற்கே பவளத்திட்டு வளைத்துப் பிடித்த காயல் இருக்கும். வெளிக்கடலின் அலை அந்தத் திட்டில் மோதி உடைந்துவிடும். உள்ளே இடுப்பளவு, கழுத்தளவு அமைதியான தண்ணீர். மாலத்தீவின் அட்டோல்களோ (வளையமாக அமைந்த பவளத்திட்டுகளும் தீவுகளும்) பல கிலோமீட்டர் அகலமானவை. விளிம்பில் உள்ள வாய்க்கால்கள் வழியாகக் கடல் உள்ளே புகுந்து வெளியேறும். அந்த ஓட்டம்தான் உணவைக் கொண்டுவருகிறது, பெரிய மீன்களையும் கூட்டிவருகிறது. நீந்துகிறவரை இழுத்துக்கொண்டு போவதும் அதே ஓட்டம்தான்.

ஓதத்தையும், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி வற்றுவதையும், கணக்கில் எடுங்கள். அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு 2 மீட்டரை எட்டும். மற்ற இரண்டிலும் ஏறக்குறைய அதில் பாதிதான். அதனால் அந்தமானில் எந்தக் கடற்கரைக்குப் போகிறோம் என்பதோடு, எந்த நேரத்தில் போகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம்.

அந்தமான்: பார்ப்பதற்கு நிறைய, தண்ணீரில் இருப்பது குறைவு

இந்தியர்களுக்கு மூன்றிலும் எளிதான இடம் இதுதான். போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்), ஹேவ்லாக் (2018 முதல் ஸ்வராஜ் தீவு), நீல் (ஷஹீத் தீவு) மூன்றுக்கும் தனி அனுமதி தேவையில்லை. முன்பதிவுத் தளங்களில் பழைய பெயரும் புதிய பெயரும் கலந்தே வரும். ஒரே ஊரை இரண்டு ஊர் என்று நினைத்துக் குழம்பாதீர்கள்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தனியார் விரைவுப் படகில் சுமார் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை மணி நேரம். கேட்கக் குறைவாகத் தெரியும். ஆனால் அறையைக் காலி செய்வது, துறைமுகச் சோதனை, பெட்டி ஏற்றுவது, இறங்கி ஆட்டோ பிடிப்பது எல்லாம் சேர்ந்தால் அரை நாள் போய்விடும். இன்னொன்று, இங்கே சூரியன் சீக்கிரம் உதித்துச் சீக்கிரம் மறையும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். தீவு மாறும் நாளில் ஸ்நார்கெலிங் திட்டமே வைக்காதீர்கள்.

ராதாநகர் கடற்கரை அழகுதான், ஆனால் அது மணலும் அலையும். அங்கே பவளம் தேடிப் பயனில்லை. ஹேவ்லாக்கில் பவளம் பார்க்க எலிஃபன்ட் கடற்கரைக்குத்தான் போகவேண்டும். படகில் போகலாம், காட்டுப்பாதையில் நடந்தும் போகலாம். படகோடு சேர்த்து விற்கப்படும் ஸ்நார்கெலிங் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: உங்களை ஒரு மிதவை வளையத்தைப் பிடிக்கச் சொல்லி, வழிகாட்டி இழுத்துக்கொண்டு ஒரு சுற்று வருவார். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பதிவு செய்யும்போதே எத்தனை நிமிடம், ஒருவருக்கு ஒரு வழிகாட்டியா, நாமே நீந்த விடுவார்களா என்று கேட்டுவிடுங்கள். முதல் படகில் போங்கள். பத்து மணிக்குமேல் கூட்டம் மணலைக் கிளறித் தண்ணீரைக் கலக்கிவிடும்.

நீல் தீவின் பரத்பூர் கடற்கரையில் வற்று நேரத்தில் பவளத்தின் முதுகே வெளியே தெரியும்; நீந்த முயன்றால் வயிறு உரசும். ஏற்றம் உச்சத்துக்கு வர இரண்டு மணி நேரம் இருக்கும்போது இறங்குவது சரி. ஓத நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று ஒருவர் சொன்ன நேரம் இன்று அப்படியே பொருந்தாது.

அந்தமானில் பவளத்துக்கென்று ஒரு முழு நாள் ஒதுக்க முடிந்தால், வண்டூரிலிருந்து போகும் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். அங்குள்ள ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகள் ஒரே நேரத்தில் திறந்திருக்காது. ஆண்டின் ஒரு பாதியில் ஒன்று, மறு பாதியில் மற்றொன்று. வனத்துறை அனுமதி வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை, பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது. இந்தக் கட்டுப்பாடுகளால்தான் அந்த இடம் இன்னும் நன்றாக இருக்கிறது.

உப்புநீர் முதலை பற்றிய எச்சரிக்கையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2010-இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்கெலிங் செய்துகொண்டிருந்த பயணி ஒருவர் முதலை தாக்கி இறந்தார். ஓடை கடலில் சேரும் இடம், அலையாத்திக் காட்டோரம், விடியல், அந்தி நேரங்களின் மங்கல் வெளிச்சம் ஆகியவற்றைத் தவிருங்கள். எச்சரிக்கைப் பலகை இருந்தால் இறங்கவே வேண்டாம்.

லட்சத்தீவு: போய்ச் சேர்வதுதான் கடினம்

நீச்சல் தெரியாதவருக்கும், முதன்முதலாக முகமூடி மாட்டும் குழந்தைக்கும் இந்தக் காயலைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடைக்காது. அகத்தி, பங்காரம், கட்மத், கல்பேனி எங்கும் கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். பயந்தால் எழுந்து நிற்கலாம். அகத்திக் காயலில் பச்சை ஆமைகள் மேய்வதைப் பார்க்கப் படகே தேவையில்லை. காலை ஒன்றரை மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று தினமும் தண்ணீரில் இருக்கலாம். நாம் போட்ட கணக்கில் இதுதான் முதலிடம்.

சிக்கல் அதற்கு முன்பே தொடங்குகிறது. இந்தியக் குடிமக்களுக்கும் நுழைவு அனுமதி கட்டாயம். அனுமதியில் குறிப்பிட்ட தீவுகளுக்கு மட்டுமே போகலாம். அங்கே போய் மனம் மாறி, பக்கத்துத் தீவுக்குப் படகு ஏற முடியாது. அனுமதி கைக்கு வருமுன் திருப்பித் தராத விமானச் சீட்டை வாங்குவது இந்தப் பயணத்தில் அதிகம் நடக்கும் தவறு. கொச்சியிலிருந்து அகத்திக்குச் சிறிய விமானம், சுமார் ஒன்றரை மணி நேரம். இருக்கையும் குறைவு, பெட்டிக்கு அனுமதிக்கும் எடையும் குறைவு. கப்பல் என்றால் தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம்.

கப்பல் பயணத்தில் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. சில தீவுகளில் கப்பல் கரையை ஒட்ட முடியாது. பவளத்திட்டுக்கு வெளியே நிற்கும். அங்கிருந்து அலையில் ஏறி இறங்கும் சிறு படகுக்கு மாற வேண்டும். மாலுமிகள் கைப்பிடித்து இறக்குவார்கள் என்றாலும், முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இது எளிதல்ல. கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் காட்டும் ‘சமுத்திரம்’ தொகுப்பில் பகல் தீவில், இரவு கப்பலில். மூன்று தீவைப் பார்த்த நிறைவு உண்டு. ஆனால் காயலில் நிதானமாக நீந்த வேண்டும் என்பவருக்கு ஒரே தீவில் நான்கு இரவு தங்குவது இதைவிட மேல். பங்காரத்தைத் தவிர மற்ற தீவுகளில் மது இல்லை. ஊர்க் கடற்கரையில் முழங்கால், தோள் மூடிய உடை போடுங்கள்.

மாலத்தீவு: ஊர்த்தீவுகள் வேறு, ரிசார்ட் வேறு

2009-க்குப் பின் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் வந்தன. நடுத்தரக் குடும்பம் மாலத்தீவை எட்டிப்பிடித்தது அதனால்தான். வந்திறங்கும்போதே விசா கிடைக்கும். ‘இமுகா’ என்ற இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்பியிருக்க வேண்டும். சுங்க விதியில் நம்மவர்கள் தவறவிடும் ஒன்று: வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகத் தடை உண்டு. கைப்பையில் வைக்கும் சின்னச் சாமி சிலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மது கொண்டுபோகவும் கூடாது. ஊர்த்தீவுகளில் விற்பதும் இல்லை.

விலையைப் பார்க்கும்போது வரி சேர்ந்ததா என்று பாருங்கள். அறை வாடகை 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்த்தால் 110. அதன்மேல் 17 சதவீதச் சுற்றுலா வரி சேர்த்தால் 128.70. சிறிய விருந்தினர் இல்லத்தில் பசுமை வரி தலைக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், இருவருக்கு 12. ஆக 140.70 டாலர். ரிசார்ட்டில் பசுமை வரி இதைப்போல இரண்டு மடங்கு.

தீவு விட்டுத் தீவு போவதில் இங்கே ஒரு பொறி உண்டு. வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் இரண்டு தீவுகள் வேறு வேறு அட்டோலில் இருந்தால், பெரும்பாலும் தலைநகர் மாலே திரும்பித்தான் அடுத்த படகு ஏற வேண்டும். ரஸ்தூ, உக்குல்ஹஸ் போல ஒரே அட்டோல் நிர்வாகத்துக்குள் வரும் இரண்டு தீவுகளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நாள் மிச்சம். வெள்ளிக்கிழமை மலிவான பொதுப் படகுகள் பொதுவாக ஓடாது. வந்து சேரும் நாளை அதற்கேற்ப வையுங்கள்.

மாஃபுஷி தீவு, விமான நிலையத்துக்கு அருகில் இருப்பதால் எல்லோரும் அங்கேயே போகிறார்கள். ஆனால் அதன் கரையோரப் பவளம் சுமார்தான். தினமும் காசு கொடுத்துப் படகில்தான் போக வேண்டும். கரையிலிருந்தே இறங்க உக்குல்ஹஸ் நல்லது. திமிங்கலச் சுறா பார்க்க வேண்டும் என்றால் தெற்கு ஆரி அட்டோலின் திகுரா. அவை ஆண்டு முழுதும் அங்கே நடமாடுகின்றன. கொம்புத் திருக்கைகள் கூட்டமாக இரை தேடுவதைப் பார்க்க பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடா, அதுவும் ஜூன் முதல் அக்டோபர் வரை. அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை, ஸ்நார்கெலிங் மட்டும்தான். வழிகாட்டியோடு 45 நிமிடம். நீந்தத் தெரிந்தவருக்கு இதற்கு ஈடான காட்சி மற்ற இரண்டு இடங்களிலும் இல்லை. நீந்தத் தெரியாதவரை மாலத்தீவின் வாய்க்கால் ஓரங்களுக்கு அழைத்துப்போகாதீர்கள். மிதவை அங்கியும் ஓட்டத்தை நிறுத்தாது.

பருவமும் பவளத்தின் நிலையும்

மூன்றுக்கும் பொதுவான நல்ல காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. தென்மேற்குப் பருவத்தில் லட்சத்தீவை மறந்துவிடலாம். அந்தமானில் அப்போது படகுகள் ரத்தாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலும் குறுக்கிடலாம். மழைக்காலத்திலும் போகத்தக்கது மாலத்தீவு மட்டுமே.

படங்களில் பார்க்கும் வண்ணப் பவளத்தை எல்லா இடத்திலும் எதிர்பார்க்காதீர்கள். 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் இந்தப் பகுதியின் பவளம் வெளுத்து, ஆழம் குறைந்த இடங்களில் பெருமளவு மடிந்தது. 2024-இலும் லட்சத்தீவில் பெரிய வெளுப்பு. மீன் கூட்டம் இருக்கிறது, பவளம் மெல்ல மீண்டு வருகிறது. மிதித்தால் ஒடியும் ஒரு கிளை மீண்டும் வளரப் பல ஆண்டு ஆகும். செத்த பவளத் துண்டைக்கூட எடுத்துவராதீர்கள். இந்தியாவில் அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விமான நிலையச் சோதனையில் பிடிபடும்.

எந்த இடம் யாருக்கு

வீட்டில் பெரியவர்கள் உண்டு, செல்லுலார் சிறை, காடு, கடற்கரை எல்லாம் பார்க்க வேண்டும், ஸ்நார்கெலிங் ஒரு நாள் போதும் என்றால் அந்தமான். நீச்சல் தெரியாது, ஆனால் தண்ணீரைவிட்டு வெளியே வர மனமில்லாத பிள்ளைகள் உண்டு, அனுமதிக்காகக் காத்திருக்கப் பொறுமையும் உண்டு என்றால் லட்சத்தீவு. 200 மீட்டர் நிற்காமல் நீந்த முடிகிற இருவர் என்றால் தயங்காமல் மாலத்தீவு. எங்கே போனாலும் கடைசி இரவை விமான நிலையம் இருக்கும் தீவிலேயே தங்குங்கள். ஒரு படகு ரத்தானால் விமானமும் போய்விடும்.

முகமூடி சரியில்லை என்றால் எந்தத் தீவும் பயனில்லை

வாடகை முகமூடியில் தண்ணீர் புகுவதுதான் முதல் நாளைக் கெடுக்கும். சொந்தமாக ஒன்று வாங்குங்கள். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. தண்ணீர் புகுந்தால் எல்லோரும் வாரை இறுக்குவார்கள். இறுக்கினால் சிலிக்கான் மடிப்பு வளைந்து இன்னும் புகும். மீசை, நெற்றி முடி, தலையுறையின் ஓரம் இவற்றில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

புதுக் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசையால் உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவினால்தான் பனி படிவது குறையும். பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பூ தடவி, லேசாக அலசினால் போதும். கிட்டப்பார்வை உள்ளவர்கள் பவர் கண்ணாடி பொருத்திய முகமூடி வாங்கலாம். நீரில் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால் ஓரளவு குறைந்த பவரே போதுமானதாக இருக்கும். முகம் முழுதும் மூடும் வகை வேண்டாம். வெளிவிட்ட மூச்சே உள்ளே தேங்கலாம், பதற்றத்தில் சட்டென்று கழற்றவும் வராது.

வெயில் முதுகிலும் முழங்காலின் பின்புறத்திலும்தான் சுடும். முழுக்கை நீச்சல் மேலாடை போட்டால் களிம்பே அதிகம் தேவைப்படாது. பவளத்துக்கும் அது நல்லது. இறங்கியதும் ஒரு நிமிடம் அசையாமல் மிதந்து, எந்தப் பக்கம் நகர்கிறீர்கள் என்று பாருங்கள். முதலில் ஓட்டத்தை எதிர்த்து நீந்துங்கள். களைத்த பிறகு அதுவே உங்களைப் புறப்பட்ட இடத்துக்குக் கொண்டுவரும். நிற்கத் தோன்றினால் மணல் தெரியும் இடத்தில் மட்டும் கால் வையுங்கள். விஷமுள்ள கல்மீன் கல்லைப் போலவேதான் இருக்கும்.