ஃபிரேசல் வெர்ப் படிக்க ஆன்கி: செயலி அருமை, கார்டை மட்டும் நீங்களே எழுதுங்கள்

ஆங்கிலம் ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் பேசும்போது தடுக்கி நிற்கிற இடம் ஒன்று உண்டு: ‘புட் ஆஃப்’, ‘டர்ன் டவுன்’, ‘ரன் அவுட் ஆஃப்’ போன்ற ஃபிரேசல் வெர்ப்கள். காதில் விழுந்தால் புரிகிறது, வாயில் மட்டும் வருவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஆன்கி அளவுக்கு உதவும் செயலி வேறில்லை என்பேன். ஆனால் பலரும் அதை இறக்கி, யாரோ செய்து வைத்த ஆயிரம் கார்டு டெக் (கார்டுத் தொகுப்பு) ஒன்றைச் சேர்த்து, இரண்டே வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். அப்படிக் கைவிட்டவர்களையும் மனதில் வைத்துத்தான் இந்த விமர்சனம்.

2006-இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட ஃபிளாஷ் கார்டு மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசம். ஆண்ட்ராய்டில் ஆன்கிட்ராய்டு என்று தேடுங்கள். தன்னார்வலர்கள் நடத்தும் தனிச் செயலி, அதுவும் இலவசம். ஐஃபோனுக்கான ஆன்கிமொபைல் மட்டும் ஒரே தடவை கட்டணம், அமெரிக்க விலை 24.99 டாலர். அந்தக் காசைக் கொடுக்க விரும்பாதவர்கள் ஐஃபோன் பிரவுசரிலேயே ஆன்கியின் இணையதளமான ஆன்கிவெப் திறந்து படித்துக்கொள்ளலாம். ஆன்கி என்ற பெயரை ஒட்டி மாதச் சந்தா கேட்கும் வேறு செயலிகளும் ஸ்டோரில் உண்டு. பெயரைச் சரிபார்த்து இறக்குங்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. கார்டின் முன்பக்கம் வரும், பதிலை நினைவிலிருந்து சொல்ல வேண்டும், பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு அகெய்ன், ஹார்ட், குட், ஈசி என்ற நான்கில் ஒன்றை அழுத்த வேண்டும். புதுக் கார்டுக்கு குட் அழுத்தினால் பத்து நிமிடத்தில் ஒருமுறை வரும், மறுபடி குட் என்றால் மறுநாள். அதன்பின் இடைவெளி நாள், வாரம், மாதம் என்று நீண்டுகொண்டே போகும். பலர் பிழை செய்வது ஹார்ட் பொத்தானில். பதில் நினைவுக்கு வராதபோது அகெய்ன் அழுத்த மனம் வராமல் ஹார்டை அழுத்துவார்கள். செயலியின் கணக்கில் ஹார்ட் என்பது ‘கஷ்டப்பட்டேன், ஆனால் சொல்லிவிட்டேன்’. தெரியாத கார்டைத் தெரிந்ததாகக் கணக்கில் ஏற்றினால் அது வர வேண்டிய நாளைத் தாண்டித்தான் வரும், அதற்குள் முழுக்க மறந்திருக்கும்.

முதல் நாளே மாற்ற வேண்டிய செட்டிங் புதுக் கார்டு எண்ணிக்கை. தானாக 20 என்று இருக்கும், 5 ஆக்குங்கள். ஒவ்வொரு புதுக் கார்டும் அடுத்த வாரங்களில் திரும்பத் திரும்ப வரும் என்பதால், தினமும் 20 சேர்த்தால் கொஞ்ச நாளில் தினசரி மீள்பார்வை 200-ஐ நெருங்கும். பாதிப் பேர் ஓடிப்போவது அங்கேதான். அடுத்து, டெக் ஆப்ஷனில் கார்டு அடுத்து எப்போது வர வேண்டும் என்று கணிக்கும் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கு முறையை இயக்குங்கள் (2023-க்குப் பிந்தைய பதிப்புகளில் இருக்கிறது). அதில் நினைவு இலக்கு 90 சதவீதம் என்று இருப்பதை அப்படியே விடுங்கள். 97-க்கு ஏற்றினால் கொஞ்சம் கூடுதலாக நினைவிருக்கும், உழைப்போ பல மடங்காகும்.

இனி கார்டு. முன்பக்கம் ‘புட் ஆஃப்’, பின்பக்கம் ‘தள்ளிப்போடு’ என்று எழுதுவதுதான் எல்லோரும் செய்வது. அந்தக் கார்டு இரண்டு விதத்தில் ஏமாற்றும். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் சொல்லத்தான் அது பழக்குகிறது; நமக்கு வேண்டியது நேர் எதிர்த்திசை. அதைவிட மோசம், ‘மீட்டிங்கைத் தள்ளிப்போடு’ என்று சொல்ல மீட்டிங் என்ற சொல்லை எங்கே வைப்பது என்பதை அது சொல்லவே சொல்லாது. ‘புட் தி மீட்டிங் ஆஃப்’ என்றும் சொல்லலாம், ‘புட் ஆஃப் தி மீட்டிங்’ என்றும் சொல்லலாம். ‘இட்’ வந்தால் ‘புட் இட் ஆஃப்’ மட்டும்தான். ‘புட் ஆஃப் இட்’ தவறு. ‘லுக் ஆஃப்டர்’ அப்படிப் பிரியவே பிரியாது: ‘லுக் ஆஃப்டர் ஹர்’ தான், ‘லுக் ஹர் ஆஃப்டர்’ கிடையாது. எது பிரியும், எது பிரியாது என்று அறிய லாங்மேன் அகராதியின் இலவச இணையதளம் போதும். பிரியக்கூடிய வினையில் நடுவே இருபக்க அம்புக்குறி போட்டிருப்பார்கள்.

எனவே கார்டு வகையில் ‘குளோஸ்’ (Cloze, விடுபட்ட சொல்லை நிரப்பும் வகை) என்பதைத் தேர்ந்தெடுத்து முழு வாக்கியம் எழுதுங்கள்: ‘தே புட் தி மீட்டிங் ஆஃப் டில் மண்டே’. ‘புட்’டைத் தேர்வு செய்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் அழுத்தினால் அது மறைப்பாகிவிடும். பிறகு ‘ஆஃப்’பைத் தேர்வு செய்து அதே விசைகளோடு ஆல்ட்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஆல்ட் சேர்த்தால்தான் இரண்டு மறைப்புக்கும் ஒரே எண் கிடைத்து, இரண்டும் ஒரே கார்டில் மறையும். விட்டுவிட்டால் இரண்டு கார்டாகி, ஒன்று மற்றதன் விடையைக் காட்டிக்கொடுக்கும். மறைத்த சொல்லுக்குப் பின் இரட்டை முக்காற்புள்ளி வைத்து ‘தள்ளிவைத்தார்கள்’ என்று குறிப்பு எழுதலாம். தமிழ் பயன்படுவது இந்த இடத்தில்தான். குறிப்பு இல்லையென்றால் ‘மூவ்’ என்றும் சொல்லத் தோன்றும், கார்டு தவறென்று சொல்லும், உங்களுக்கு எரிச்சல் வரும்.

ஒரு கார்டுக்கு ஒரு பொருள் என்பதில் கண்டிப்பாக இருங்கள். ‘பிக் அப்’ ஒன்றை மட்டும் எடுத்தாலே கீழே விழுந்ததை எடுப்பது, ஸ்டேஷனுக்குப் போய் ஆளை அழைத்து வருவது, ஃபோனை எடுப்பது, கேட்டுக் கேட்டே ஒரு மொழியைக் கற்றுக்கொள்வது, மந்தமான வியாபாரம் சூடுபிடிப்பது என்று ஐந்து பொருள். ஐந்தையும் பின்பக்கத்தில் அடுக்கினால் மூன்று நினைவிருக்கும், இரண்டு இருக்காது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்றே தெரியாது. ஐந்து வாக்கியம், ஐந்து கார்டு. எந்தப் பொருளை முதலில் படிப்பது என்ற குழப்பத்துக்கும் வழி உண்டு. மொழி ஆய்வாளர்கள் மெலோடி கார்னியர், நார்பர்ட் ஷ்மிட் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஃபேவ் பட்டியலில் மிகுதியாகப் புழங்கும் 150 ஃபிரேசல் வெர்ப்களும், அவற்றில் உண்மையில் அடிபடும் 288 பொருள்களும் உள்ளன. தினம் ஐந்து என்றால் இரண்டு மாதத்தில் அத்தனையும் கார்டாகிவிடும்.

ஒலியைச் சேர்க்காமல் விடாதீர்கள். பிரியும் வினைகளில் அழுத்தம் பின்சொல்லில் விழும்: ‘டர்ன் இட் ஆஃப்’பில் ‘ஆஃப்’ ஓங்கி ஒலிக்கும். ‘லுக் அட் இட்’டில் ‘லுக்’ ஓங்கும். ‘பிரேக் டவுன்’ வினையாக வரும்போது ‘டவுன்’ ஓங்கும், பெயர்ச்சொல்லாக ஒரே சொல்லாகும்போது ‘பிரேக்’ ஓங்கும். ஆன்கியின் கார்டு டெம்ப்ளேட்டிலேயே வாக்கியத்தை வாசிக்க வைக்கும் வசதி உண்டு, விண்டோஸ், மேக்கில் அதற்கு ஆட்-ஆன் எதுவும் தேவையில்லை. பதில் தெரிந்ததும் வாய்விட்டு முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

நம் ஊர்ப் பழக்கத்துக்கென்று தனியாக ஒரு டெக் வைப்பது நல்லது. ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்று சொல்லிச் சொல்லி ‘ஆஃப் தி லைட்’ என்று வந்துவிடுகிறது. ‘டர்ன் ஆஃப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று வினை வேண்டும். ‘கோப் அப் வித்’தில் ‘அப்’ கூடாது, ‘டிஸ்கஸ் அபவுட்’டில் ‘அபவுட்’ கூடாது. கல்லூரி முடித்ததை ‘பாஸ்ட் அவுட்’ என்று வெளிநாட்டு இன்டர்வியூவில் சொன்னால் மயங்கி விழுந்ததாகத்தான் முதலில் புரிந்துகொள்வார்கள். ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லுங்கள். இந்த மாதிரிப் பிழைகள் எந்த ரெடிமேட் டெக்கிலும் இருக்காது, ஏனென்றால் அவை நமக்கே உரியவை.

இடியம்களுக்கு (மரபுத்தொடர்களுக்கு) மட்டும் வழக்கமான முன்–பின் கார்டு போதும், ஆங்கில வாக்கியம் முன்னால், பொருள் பின்னால். அவற்றைப் பேச்சில் திணிக்க அவசரப்பட வேண்டாம், கேட்டால் புரிந்தால் சரி. ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ (மழை கொட்டுகிறது) எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது, இன்று பேசுகிறவர்கள் குறைவு; பிரிட்டனில் ‘பக்கெட்டிங் டவுன்’ என்பார்கள். ‘ஆன் தி சேம் பேஜ்’, ‘அப் டு யூ’ போல அலுவலகத்தில் தினமும் காதில் விழுவதை முதலில் படியுங்கள். பகிரப்பட்ட டெக்குகளை நான் பரிந்துரைக்காததற்கு இதுவும் காரணம்: அரிதானதும் அவசியமானதும் ஒரே வரிசையில் கலந்து கிடக்கும், வாக்கியமே இல்லாத கார்டுகளும் நிறைய.

குறைகளும் சொல்லியாக வேண்டும். முகப்பு வறட்சியாக இருக்கும், பாடம் எதுவும் கிடையாது, செட்டிங் பக்கம் புதியவர்களை மிரட்டும். கணினி, ஃபோன் இரண்டையும் முதன்முறை இணைக்கும்போது ‘அப்லோடா, டவுன்லோடா’ என்று கேட்கலாம். கார்டுகள் இருக்கும் கருவியில் அப்லோட், காலியாக இருப்பதில் டவுன்லோட். மாற்றி அழுத்தினால் எழுதிய கார்டெல்லாம் அழிந்து காலி டெக் மிஞ்சும். அதனால் அதற்கு முன் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

ஒரே கார்டில் எட்டு முறை தவறினால் ஆன்கி அதற்கு ‘லீச்’ என்று அடையாளம் போடும். பெரும்பாலும் ‘புட் ஆஃப்’ (தள்ளிப்போடு), ‘கால் ஆஃப்’ (ரத்து செய்) மாதிரி ஒன்றோடொன்று குழம்பும் ஜோடிகள்தான் அதில் மாட்டும். அந்தக் கார்டையே மீண்டும் மீண்டும் பார்த்துப் பயனில்லை. ‘தே டிட்ன்ட் கால் தி மேட்ச் ஆஃப், தே புட் இட் ஆஃப் டில் சண்டே’ என்று இரண்டும் ஒரே வாக்கியத்தில் மோதும்படி புதிதாக எழுதி, பழையதை அழித்துவிடுங்கள்.