பலகையில் உள்ளதுதான் சாப்பாடு: அஸ்தம்பட்டி மெஸ்ஸில் நான்கு வருடம்

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு சின்ன மெஸ். ஆறு மேசை, ஒரு கரும்பலகை, மெனு கார்டு கிடையாது. 2021 கடைசியிலிருந்து வாரத்தில் இரண்டு மதியமாவது அங்கேதான் சாப்பிடுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே கொஞ்சம் குறையும் இருக்கிறது, நாளைக்கும் மெஸ் நடத்தும் அண்ணன் முகத்தில் விழிக்க வேண்டுமே.

முதல் நாள் உருளைக்கிழங்கு வறுவல் இருக்கிறதா என்று கேட்டேன். "இன்னைக்குச் சந்தையில சொரக்காதாங்க நல்லா இருந்துச்சு" என்றார். சுரைக்காயா என்று முகம் சுளித்தபடி உட்கார்ந்தவன், கடலைப்பருப்பு போட்ட அந்தக் கூட்டை இரண்டு முறை கேட்டு வாங்கினேன்.

அண்ணன் விடியற்காலையில் உழவர் சந்தைக்குப் போய்விடுவார். 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டம் அது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகளே இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்பார்கள், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் இந்தப் பலகை எழுதப்படுகிறது. எது மலிந்து வருகிறதோ அதுதான் நமக்குப் பொரியல்.

மார்கழி, தை மாதங்களில் போக வேண்டும். பச்சை மொச்சை வந்துவிட்டால் மெஸ்ஸில் சமைக்கும் அக்கா பிதுக்குப் பருப்புக் குழம்பு வைப்பார். மொச்சையை உரித்து, ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் அந்த வழியாகப் போனால் அக்காவும் சமையல்கட்டில் உதவும் இரண்டு பெண்களும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பார்த்ததுமே மறுநாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்புவதற்கு ஒரு காரணம் யோசித்துவிடுவேன். ஒரு மணிக்கெல்லாம் குழம்பு தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் இதைக் கடைசியாகச் செய்தது ஆயா. அவருக்குப் பிறகு யாருக்கும் பொறுமை இல்லை, எனக்கும்தான்.

சித்திரை பிறந்தால் எல்லாவற்றிலும் மாங்காய். சாம்பாரில் கிளிமூக்கு, ஓரத்தில் வெல்லம் போட்ட மாங்காய்ப் பச்சடி. பழம் இறங்கத் தொடங்கியதும் இலையில் இரண்டு துண்டு வைப்பார்கள். சேலம்தானே, மல்கோவா வரும் என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டு விலைக்கு அது கட்டுப்படியாகாது, பெரும்பாலும் செந்தூராதான். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சௌசௌவும் பலாவும் வரும். பலாச்சுளையை விட, பலாக்கொட்டை போட்ட கத்தரிக்காய்க் குழம்புக்குத்தான் நான் அடிமை.

சரி, குறைகள். ஐப்பசி மழையில் கீரை அழுகிப்போகும், அப்போது பூசணியே தொடர்ந்து நாலு நாள் வரும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது ரசத்திலிருந்து தக்காளியே காணாமல் போனது. எலுமிச்சை ரசம், கொள்ளு ரசம் என்று மாற்றி மாற்றி வைத்து ஓட்டினார்கள். சாப்பாட்டு விலையை ஏற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு ஏறியது, நான் சேர்ந்தபோது 80, இப்போது 110. காபியில் சிக்கரி தூக்கல். நாலு வருடமாகச் சொல்கிறேன், நாலு வருடமாகத் தலையாட்டுகிறார்.

பெரிய கோபம் ஒன்றுதான். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது சொல்லாமல் கொள்ளாமல் மூன்று நாள் பூட்டிவிட்டார்கள். சென்னையிலிருந்து வந்த மச்சானைப் பெருமையாக அழைத்துக்கொண்டு போய்ப் பூட்டின் முன்னால் நின்றேன். "இதைக் காட்டத்தான் வெயில்ல கூட்டிட்டு வந்தீங்களா மாப்ள?" என்றார். அடுத்த முறை திறந்திருந்தது, ஆனால் அவர் பனீர் கேட்டார். அது என் தவறு, முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

தனக்குப் பிடித்ததைச் சாப்பிடப் போகிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. குழந்தைகளோடு போனால் ஒரு ஆம்லெட்டாவது கிடைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பன்னிரண்டே முக்காலுக்குள் போய்விடுங்கள். பார்சலுக்குத் தூக்குப்பாத்திரம் கொண்டுபோனால் ஐந்து ரூபாய் குறைப்பார். பிதுக்குப் பருப்பு நாளில் மட்டும் பார்சல் கிடையாது. கெஞ்சிப் பார்த்தாயிற்று.