ஹால் தரைக்கு எது: கிரானைட்டா, ரெட் ஆக்சைடா?

போனில் மாதக்கணக்கில் படம் சேர்த்தேன். எல்லாம் வெள்ளை மார்பிள். யாரோ வீடு மாதிரி இருந்தது.

கிருஷ்ணகிரியில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. சீக்கிரம் பதித்துவிடலாம், பராமரிப்பும் குறைவு. ஆனால் எதிர்வீட்டிலும் அதே பளபளப்பு.

பாட்டி வீட்டுத் தரை சிவப்பு. மே மாதத்தில் வெறுந்தரையில் படுத்து மாம்பழம் சப்பியது அங்கேதான். சிமெண்டில் ரெட் ஆக்சைடு பொடி கலந்து, இறுகுவதற்குள் கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அப்புறம் நாள்கணக்கில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கைதேர்ந்த கொத்தனார் கிடைப்பதுதான் பெரும்பாடு. விரிசலும் விடும், பூசினால் நிறம் சேராது.

சரி, சமையல் மேடைக்கு கிரானைட், புளி பட்டாலும் தாங்கும். ஹாலுக்குச் சிவப்புத் தரை. வாசலருகே ஒரு விரிசல் வந்துவிட்டது. இப்போது அதன்மேல் கோரைப்பாய்.