தன் பெயரைத் தானே சொன்ன விளையாட்டு: சூப்பர் மாரியோ 64

நின்டெண்டோ 64 கருவியில் விளையாட்டு அடங்கிய கேட்ரிட்ஜைச் செருகி விசையைத் தள்ளியதும், திரையில் தலைப்பு எழும்போதே ஒரு துள்ளல் குரல் 'இட்ஸ்-அ மீ, மாரியோ!' என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அடுத்துத் திரை நிறைய ஒரு முகம் வந்து நிற்கிறது. மூக்கைப் பிடித்து இழுத்தால் அது மாவுபோல நீண்டு, விட்டவுடன் படக்கென்று பழைய இடத்துக்குத் திரும்புகிறது. 1996இல் வெளியான இந்த விளையாட்டின் முப்பரிமாண ஓட்டத்தையும் தாவலையும் பலர் விரிவாகப் பாராட்டிவிட்டார்கள். நான் இங்கே அதிகம் பேச விரும்புவது, தொடக்கத்தில் ஒலிக்கும் அந்தப் பெயரைப் பற்றி.

1981இல் டாங்கி காங் விளையாட்டில் வந்தபோது இந்தக் கதாபாத்திரத்துக்கு 'ஜம்ப்மேன்' என்றுதான் பெயர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நின்டெண்டோவுக்குக் கிடங்கை வாடகைக்கு விட்டிருந்த மாரியோ செகாலியின் பெயரைப் பின்னர் இவனுக்குச் சூட்டினார்கள். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பெயர், ஜப்பானிய நிறுவனமொன்றின் பாத்திரத்துக்கு வாய்த்து, அங்கிருந்து உலகெங்கும் போனது. ஆனால் போன பெயர் எழுத்தாகவே போனது. அக்காலத்து வீட்டு விளையாட்டுக் கருவிகளில் குரலுக்கு அநேகமாக இடமில்லை என்பதால், பெட்டியின் மேல் அச்சிட்டிருந்ததை ஒவ்வொரு நாட்டுப் பிள்ளையும் தன் மொழியின் பழக்கப்படி படித்துக்கொண்டது.

இந்த வேறுபாட்டை அளந்து காட்டத் தமிழ் இலக்கணத்தின் மாத்திரைக் கணக்கைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. ஜப்பானியர் 'ம-ரி-ஒ' என்று மூன்று குறில்களாகச் சொல்கிறார்கள். மொத்தம் 3 மாத்திரை. இத்தாலியர் முதலெழுத்தை நீட்டி, அடுத்ததை மெய்யாகச் சுருக்கி, 'மார்யொ' என்று முடிக்கிறார்கள், 3½ மாத்திரை. அமெரிக்கரில் பெரும்பாலோர் முதலையும் கடைசியையும் நீட்டுவதால் அவர்களுக்கு 5 மாத்திரை. நாமும் 5 மாத்திரைதான், ஆனால் நம் காரணம் வேறு: தமிழ்ச் சொல் குறில் ஒகரத்தில் முடிவது மிக அரிது என்பதால் கடைசி எழுத்தை நெடிலாக்குகிறோம், இகரத்தை அடுத்து ஓகாரம் வருவதால், நம்மை அறியாமலே யகர உடம்படுமெய்யைச் சேர்த்து 'ரியோ' என்கிறோம். ஜப்பானியரின் ரகரம் நாவை ஒரே முறை தட்டி எழும் ஒலி. அது நம் இடையின ரகரத்துக்கு மிக நெருக்கமானது. பிரெஞ்சுக்காரருக்கோ அதே ரகரம் தொண்டையில் பிறக்கிறது.

ஆங்கிலத்துக்குள்ளேயே நிகழும் பிரிவுதான் எல்லாவற்றிலும் சுவையானது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பலர் இந்தப் பெயரின் முதல் உயிரை, கிரிக்கெட் 'பேட்' என்று சொல்லும்போது வாய் அகன்று வருகிற குறுகிய ஒலியாக உச்சரிக்கிறார்கள். அது அறியாமையால் வந்த பிழை இல்லை. வேற்று மொழிச் சொல்லில் 'அ'வைக் கண்டால் அமெரிக்கர் 'ஆ' என்று நீட்டுவதும், பிரிட்டானியர் அந்தக் குறுகிய ஒலியைத் தேர்வதும் நெடுநாள் வழக்கம். 'பாஸ்டா' என்ற சொல்லிலும் இதே பிளவைக் கேட்கலாம். கனடாவில் பலர் பிரிட்டானிய வழக்கையே பின்பற்றினாலும், ரகரத்துக்கு முன்னால் அந்த ஒலி அவர்கள் பேச்சில் எகரத்தோடு கலந்துவிடுவதால் 'மெரியோ' போல ஒலிக்கிறது.

இங்கிலாந்தில் வளர்ந்த தோழி ஒருவருடன் இந்த விளையாட்டை ஆடியபோது இதை நேரில் கேட்டேன். மாரியோவின் எதிரியான வாரியோவின் பெயரை அவர் 'வொரியோ' என்றார். ஆங்கிலத்தில் வகரத்தை அடுத்த அகரம் பல சொற்களில் ஒகரமாகத் திரிவதுதான் காரணம். 'கெட்ட' என்று பொருள்படும் 'வருஇ' என்ற ஜப்பானியச் சொல்லை மாரியோவோடு இணைத்து உருவாக்கிய பெயர் அது. ஜப்பானிய வாயில் இரண்டும் கச்சிதமாக எதுகை கொள்ள, தோழியின் வாயில் அந்த எதுகை குலைந்துவிட்டது. அந்த இழப்பு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

இத்தனை வேறுபாடுகளுக்கு நடுவில், இந்த விளையாட்டில் மாரியோவுக்குக் குரல் கொடுத்த சார்ல்ஸ் மார்டினேயின் குரல் முதலெழுத்தை நெடிலாகவே நிலைநிறுத்துகிறது. 8 மெகாபைட் கேட்ரிட்ஜுக்குள் நீண்ட பேச்சுக்கு இடமில்லை என்பதால், கூச்சல், முனகல், சிரிப்பு என்று துண்டு துண்டாகத்தான் அவர் பேசுகிறார். ஆனாலும் பாத்திரம் முழுமையாக உயிர்பெறுகிறது. சும்மா விட்டுவைத்தால் மாரியோ உட்கார்ந்து, சாய்ந்து, உறங்கிப்போய், தூக்கத்தில் 'ஸ்பகெட்டி', 'ரவியோலி' என்று முணுமுணுப்பதைக் கேட்பதற்காகவே நான் பலமுறை கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்திருக்கிறேன். 2023இல் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டரில் கெவின் அஃப்கானி இந்தக் குரலை ஏற்றபோதும் நெடில் மாறவில்லை.

விளையாட்டாகவும் இது இன்னும் நிற்கிறது. சேகரிக்கக் கிடைக்கும் 120 நட்சத்திரங்களில் 70 கிடைத்தாலே இறுதிப் போருக்குப் போகலாம் என்பதால், பிடிக்காத சவால்களை விட்டுவிடும் உரிமை நமக்கு இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கருவியின் குச்சியை மெல்லத் தள்ளினால் பூனை நடையும், முழுதாகத் தள்ளினால் ஓட்டமும் வருவது இன்றும் கைக்கு இதமாக இருக்கிறது. கேமராதான் பெருங்குறை: சுவரோரத்திலும் குறுகிய பாலத்திலும் அது நாம் கேட்ட பக்கம் திரும்ப மறுப்பதால், விழவே வேண்டாத இடத்தில் விழுகிறோம்.

இதைப் புதிதாக ஆடுவோர், தொடக்கத்தில் இளவரசி பீச் எழுதிய கடிதம் வரும்போது பொத்தானை அழுத்தித் தாண்டிவிட வேண்டாம். அமெரிக்கப் பதிப்பில் அதை வாசிப்பவர் லெஸ்லி ஸ்வான். 'டியர் மாரியோ' என்று அவர் அமைதியாக, அமெரிக்க ரகரத்தோடு சொல்லும் பெயரையும், சற்று முன் மார்டினே கூவிய பெயரையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே கேட்ரிட்ஜுக்குள் இரண்டு மாரியோக்கள் இருக்கிறார்கள்.