நான் படித்த மெட்டீரியல் சயின்ஸ் துறை எப்படி?

மெட்டீரியல் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங் படிக்கலாமா, நீங்கள் படித்த துறை எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கையில் கரி படுவதற்குத் தயார் என்றால் தயங்காமல் சேருங்கள். உடைந்துபோன ஷாஃப்ட், போல்ட், ஸ்பிரிங் இவற்றைப் பார்த்து ஏன் உடைந்தது என்று சொல்வது இன்று என் வேலை. அதற்கு வேண்டியதில் பெரும்பகுதியை அந்தத் துறையின் மெட்டலோகிராஃபி லேபில்தான், அதாவது உலோகத்தின் உள்ளமைப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் லேபில்தான் கற்றுக்கொண்டேன்.

பல இடங்களில் ஏற்கெனவே மெருகேற்றி வைத்த சாம்பிளை மைக்ரோஸ்கோப்பில் மாட்டி, "இதுதான் பெர்லைட், வரைந்துகொள்" என்று முடித்துவிடுவார்கள். இங்கே கம்பியிலிருந்து துண்டு வெட்டுவது முதல் எல்லாமே மாணவர் வேலை. வெட்டிய துண்டை பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்கில் மவுண்ட் செய்து, சிலிக்கான் கார்பைடு உப்புத்தாளில் சொரசொரப்பான 220-இல் ஆரம்பித்து நைசான 1200 வரை தேய்க்க வேண்டும். தாள் மாற்றும்போதெல்லாம் சாம்பிளை 90 டிகிரி திருப்பிப் பிடிக்க வேண்டும். முந்தைய தாள் போட்ட கீறல் முழுக்கப் போய்விட்டதா என்பது அப்போதுதான் தெரியும். அப்புறம் துணி ஒட்டிய சக்கரத்தில் அலுமினாவோ டயமண்ட் பேஸ்டோ போட்டு, முகம் தெரியும் அளவுக்கு மெருகு. கடைசியில் நைட்டால், அதாவது எத்தனாலில் 2 சதவீதம் நைட்ரிக் அமிலம். சில விநாடிகள் போதும். பளபளப்பு லேசாக மங்கத் தொடங்கியதுமே தண்ணீரில் காட்டிவிட வேண்டும். விட்டால் மேற்பரப்பு கறுத்துவிடும், மறுபடி சக்கரத்துக்குத்தான் போக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு 0.8 சதவீதம் கார்பன் உள்ள எஃகைப் பார்த்தால், கைரேகை மாதிரி வரிவரியாக ஃபெர்ரைட்டும் (ஏறக்குறைய சுத்தமான இரும்பு) சிமென்டைட்டும் (இரும்பும் கார்பனும் சேர்ந்த சேர்மம்) மாறி மாறி ஓடுவது தெரியும், அதுதான் பெர்லைட். நம் கையால் வரவைத்த வரிகள் என்பதால் அவை மறப்பதே இல்லை.

இந்த லேபின் உண்மையான பலம் அடுத்த சோதனையில் இருக்கிறது. அதே கம்பியில் மூன்று துண்டுகளைச் சிவக்கச் சூடாக்கி, ஒன்றை ஃபர்னஸுக்குள்ளேயே ஆற விடுவோம், ஒன்றைக் காற்றில் வைப்போம், மூன்றாவதைத் தண்ணீரில் போடுவோம். முதலாவதில் அகலமான வரிகள், இரண்டாவதில் நெருக்கமான வரிகள், மூன்றாவதில் வரியே கிடையாது, ஊசி ஊசியாக மார்டென்சைட், அதாவது சட்டென்று குளிர்ந்த எஃகின் கடினமான அமைப்பு. கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் மெஷினில் வைத்தால் மூன்றாவது துண்டின் கடினம் முதலாவதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வரும். எந்தச் சூட்டில், எவ்வளவு கார்பனில் எஃகு எந்த அமைப்பில் இருக்கும் என்று காட்டும் இரும்பு-கார்பன் வரைபடத்தை இந்தத் துறையில் அதற்குப் பிறகுதான் நடத்துகிறார்கள். அதனால் ஆறும் எஃகில் பெர்லைட் உருவாகும் 727 டிகிரி கோடு பலகையில் ஏறும்போது அது வெறும் எண்ணாகத் தெரிவதில்லை. "நாங்கள் பார்த்த மார்டென்சைட் இதில் எங்கே?" என்று வகுப்பில் யாராவது கேட்டே தீருவார்கள். அந்த வரைபடம் மெதுவாக, சமநிலையில் ஆறும் எஃகுக்கானது. சட்டென்று குளிர்வித்தால் கார்பன் நகர்ந்து போக நேரம் இருக்காது, அதனால் அதில் மார்டென்சைட்டுக்கு இடமே இல்லை. இந்தப் பதில் மாணவர் கேள்விக்குப் பதிலாக வருவதுதான் சரியான கற்பித்தல் என்று நான் நம்புகிறேன்.

எஃகு எவ்வளவு அடி தாங்கும் என்று பார்க்கும் சார்பி சோதனையையும் நன்றாகவே நடத்துகிறார்கள். சாதாரண எஃகையும் செம்பையும் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்து, உடனே ஊசல் சுத்தியலுக்குக் கீழே வைப்பார்கள். எஃகு பட்டென்று முறியும், உடைந்த முகம் மின்னும். அதே குளிரிலும் செம்பு வளைந்து இழுபடும். 1943 ஜனவரியில் ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் துறைமுகத்தில் நின்றபடியே இதேபோல் பட்டென்று முறிந்து இரண்டாகப் பிளந்த படத்தை ஆசிரியர் அதற்குப் பிறகுதான் காட்டினார். கையில் மின்னும் துண்டை வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தது இன்றும் என் வேலையில் உதவுகிறது.

எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் லேபின் டெக்னீஷியனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பெயர் தெரியாத ஒரு பொடியைக் கொடுப்பார், அது என்ன என்று எக்ஸ்ரே சிதறும் கோணங்களை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். சாஃப்ட்வேரைத் திறக்க விடமாட்டார். செம்பு இலக்கு வைத்த எக்ஸ்ரே குழாயின் 1.54 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தை பிராக் சமன்பாட்டில் போட்டு, ஒவ்வொரு பீக்குக்கும் அணுத் தளங்களுக்கு இடையிலான இடைவெளியைக் கையால் கணக்கிட்ட பிறகுதான், எந்தப் பொருள் என்று ஒப்பிடும் அட்டவணையைத் தருவார். 26.6 டிகிரியில் பெரிய பீக் கண்டால் முதலில் குவார்ட்ஸைச் சந்தேகப்படும் பழக்கம் எனக்கு அவர் கொடுத்தது.

வகுப்பறை ஆளுக்கு ஆள் மாறும். டிஸ்லொகேஷன், அதாவது படிகத்தில் அணு வரிசை ஒரு கோட்டில் பிசகியிருப்பது பற்றிய பாடம் எடுத்தவர் அருமை. 1934-இல் டெய்லர், ஒரோவான், போலானி மூவரும் தனித்தனியாக முன்வைத்த இந்தக் கருத்து, 1956-இல்தான் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் காணக் கிடைத்தது. இடையில் அதை எந்த ஆதாரத்தில் நம்பினார்கள் என்பதற்கே ஒரு வகுப்பு முழுவதையும் கொடுத்தார். பாலிமரும் செராமிக்ஸும் அவசரம் அவசரமாக ஓடி முடிந்தன. கம்ப்யூட்டேஷனல் பாடம் விருப்பப் பாடமாகக் கடைசி வருடத்தில் வந்தது, அது ரொம்பத் தாமதம்.

பெரிய குறை ஒன்று உண்டு. ஸ்கேனிங் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பை இளநிலை மாணவர்கள் தொட முடியாது. நேரம் எல்லாம் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் போய்விடும். நமக்கு ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்கும் வாய்ப்பு மட்டும்தான். உடைந்த முகத்தில் குழிகுழியாக இருந்தால் இழுபட்டு முறிந்தது, நுண்ணிய இணைகோடுகள் இருந்தால் ஃபட்டீக், அதாவது திரும்பத் திரும்ப விழுந்த சுமையால் முறிந்தது என்று புத்தகத்தில் படித்தேனே தவிர, உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைத்து அவற்றை நானே தேடிப் பார்த்தது வேலைக்கு வந்த பிறகுதான். சார்பியில் உடைத்த அதே துண்டுகளை அந்தக் கருவியில் ஒரு மணி நேரம் பார்க்க விட்டிருந்தால் போதும், கூடுதல் செலவு எதுவும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்துக்கு நான்கு தருகிறேன்.

இதே பெயரில் வேறு துறையைப் பார்க்கப் போகிறவர்கள் கருவிகளின் பட்டியலைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். மெட்டலோகிராஃபி லேபுக்குள் போய், சாம்பிளை மெருகேற்றுவது யார் என்று மாணவர்களிடமே கேளுங்கள். எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பை எந்த வருடத்தில் கையாள விடுவார்கள் என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.